தேதி வெட்டிய செய்தி

ஞானவரதன் கத்தரிக்கோலை எடுத்தால் முதலில் வெட்டுவது தேதியைத்தான்.

முப்பது வருடப் பழக்கம். காலைக் காப்பி ஆறுவதற்குள் பேப்பரிலிருந்து மூன்று துண்டுகள் வெட்டிவிடுவார். ஊர் நடப்பில் ஒன்று, அறிவியலில் ஒன்று, கலைவிழா பக்கத்தில் ஒன்று. அச்சுப் பேப்பர் வாரத்துக்கு நாலு நாள்தான் வரும் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்திலும் மனிதர் விடவில்லை. செய்தியின் தலையில் 'மதுரை, ஜூன் 3' என்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இரண்டு சொல்லையும் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். ஆறு மாதம் ஊற வேண்டும். பிறகு கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுத்தால், அதில் ஒரு அறிவியல் கதை இருக்கும்.

"ஊரும் தேதியும் உமி. ஊதித் தள்ளுங்க. அரிசிய மட்டும் உலையில போடுங்க" என்று மேடைதோறும் சொல்வார். ஐம்பத்தெட்டு வயது, இருநூறு கதை, எட்டு விருது. சொல்கிறவர் அப்படிப்பட்டவர் என்றால் கைதட்டாமல் இருப்பார்களா? தட்டினார்கள்.

ஊதித் தள்ளிய உமி தன் கண்ணிலேயே வந்து விழும் என்று மட்டும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று 'புதுத்திங்கள்' பத்திரிகையின் ஆசிரியர் ஜோசபின் மேரி தொலைபேசியில் அழைத்தபோது அவர் தோசைக்குச் சட்னி போதாமல் கடுப்பில் இருந்தார்.

"சார், மலருக்குக் குடுத்தீங்களே, 'பார்க்காத கண்கள்'. வேர்க்காட்டி அறிக்கை வந்துடுச்சு" என்றாள் ஜோசபின்.

வேர்க்காட்டி என்பது இப்போது எல்லாப் பத்திரிகை அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கும் ஒரு மென்பொருள். கதையைக் கொடுத்தால், இருபது வருடச் செய்திகளோடு ஒத்துப் பார்த்து, எந்தச் செய்தியிலிருந்து இது முளைத்தது என்று சொல்லிவிடும். இயந்திரங்கள் செய்தியை அரைத்து லட்சக்கணக்கில் கதை பண்ணித் தள்ளிய காலத்தில், குளத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் ஒரே வருடத்தில் நாற்பது கதைகளில் தன் பிள்ளையின் சாவைப் படித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. இயந்திரம் எழுதினாலும் மனிதன் எழுதினாலும் ஒரே சட்டம். செய்தியில் இருந்தவருக்குக் கதை முதலில் போக வேண்டும். அவர் கேட்டால், எழுதியவர் நேரில் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றச் சொல்லலாம். மாட்டேன் என்று சொல்ல எழுதியவருக்கு உரிமை இல்லை.

"எத்தன சதவீதம்?" என்றார் ஞானவரதன்.

"எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோன ட்ரோன் லேட்டாப் போயி, பிரசவத்துல ஒரு பொண்ணு இறந்துபோச்சே, அந்தச் செய்தி. ட்ரோன இயக்கினவங்க பேரு இசக்கிராணி. அம்பாசமுத்திரம். நேர்வாசிப்பு கேட்டிருக்காங்க."

"அட கர்மமே. எல்லாரும் 'சரி'ன்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுவாங்களேம்மா."

"இவங்க தட்டல சார். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க." பிறகு ஜோசபின் சிரித்தாள். "ரெண்டாவதா ஒரு வேரும் காட்டுது. யாருன்னு நெனக்கிறீங்க? நீங்களேதான்!"

"நானா?"

"கதையில தூரத்து வானத்துல விளக்குப்பூ பூக்குதுன்னு எழுதியிருக்கீங்கள்ல. அது உங்க பாராட்டு விழாச் செய்தியாம். முந்நூறு ட்ரோன் சேந்து வானத்துல உங்க மூஞ்சிய வரைஞ்சாங்களே, அது. உங்களுக்கு நீங்களே வாசிச்சுக் காட்ட வேண்டியதில்லன்னு சம்மதத்த அதுவே போட்டுக்கிச்சு."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அறிக்கை அவருடைய கைப்பேசிக்கு வந்தது. பேரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அதில் தேதிகளும் இருந்தன. தேதியைப் பார்க்கிற பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

அந்தக் கதை டப்பாவிலிருந்து வந்த மூன்று துண்டால் ஆனது. ரத்தம் தாமதமான செய்தி ஒன்று. சும்மா உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவர்களின் கவனம் இருபது நிமிடத்தில் வேறு எங்கோ போய்விடுகிறது என்ற ஆராய்ச்சி ஒன்று. வானத்து விளக்குக் காட்சி ஒன்று. ட்ரோன் ஏன் தாமதமானது என்று செய்தியில் இல்லை, 'இயக்கியவர் பணிநீக்கம்' என்று மட்டும் இருந்தது. காரணம் இல்லாமல் கதை நிற்குமா? அவர் ஒரு காரணம் வைத்தார். மோனிகா என்று பெயர் வைத்து, அவள் கையில் ஒரு கைப்பேசி கொடுத்து, அதற்குள் சிரித்துப் பேசும் ஒரு ஆணையும் வைத்தார். எழுதி முடித்தபோது அவருக்கே புல்லரித்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினார். வீடு சின்னது, வாசலில் மருதாணிச் செடி. கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் வாழைக்கறை. காலையில் வாழைக்காய் மண்டியில் எடை போட்டுவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள் என்று அவளே சொன்னாள்.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டியவள், அவர் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மேடையில் வாசித்துப் பழகிய குரல். முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. 'மோனிகாவின் விரல் நுனியில் ஓர் உயிர் இருந்தது. கண்ணோ கைப்பேசியில் இருந்தது' என்ற இடத்தில் வழக்கம்போல ஒரு இடைவெளி விட்டார். மேடையில் இப்படிப்பட்ட இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழும். இங்கே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் இசக்கிராணி. "அந்த போனுல மோனிகாகிட்டப் பேசுதான்ல, அவன் யாரு?"

"அது கற்பனைம்மா. கதைக்காக வெச்சது."

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் கேட்டாங்க. கத என் போனுக்கு வந்துச்சுல்ல, அவங்கதான் மொதல்ல படிச்சாங்க. 'அவன் யாருட்டி'ன்னு ரெண்டு நாளாக் கேக்காங்க. கற்பனைன்னு நான் சொன்னா நம்புவாங்களா? அவங்க வந்ததும் அத நீங்களே சொல்லிருங்க சார்."

ஞானவரதனுக்குக் காது மடல் சுட்டது. இருநூறு கதையில் எத்தனை பேர் வீட்டுக்குள் எத்தனை பேரை இப்படிக் கொண்டுபோய் உட்கார வைத்திருப்போம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு மேலே வாசித்தார். இப்போது குரல் சற்று இறங்கியிருந்தது. 'தூரத்து வானத்தில் விளக்குப்பூக்கள் பூத்து உதிர்ந்தன. அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.' கடைசியில் மருத்துவமனையில் ஒரு தொட்டில் ஆடுகிறது, அம்மா இல்லை. கதை முடிந்தது.

இசக்கிராணி அழவில்லை. கை நகத்திலிருந்த கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். அந்தப் பொண்ணு பேரு பேச்சியம்மா. இருவத்திநாலு வயசு. புள்ள பொழச்சுக்கிச்சு. நான் போய்ப் பாத்தேன். அவங்க மாமியா என் மூஞ்சில காறித் துப்புனாங்க. தொடச்சிட்டு வந்துட்டேன், வேற என்ன செய்ய?"

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டார். "நெசத்துல என்னம்மா நடந்துச்சு?"

"நெல்லையில ரத்த வங்கியிலேர்ந்து ஏழு மணிக்குக் கெளப்பினேன். போற வழியில ஒரு மைதானம் இருக்கு, அதுக்கு மேல ஏழு எட்டுக்குத் தாண்டிரும். அங்க என்னமோ விழா, ஏழரையிலேர்ந்து முக்கா மணி வரைக்கும் வானத்த மூடியிருக்கு, ஏழரைக்கு முன்ன தாண்டிரணும்னு எங்களுக்கு உத்தரவு. நமக்குத்தான் இருவது நிமிஷம் மிச்சம் இருக்கேன்னு போறேன், திரையில பாத்தா முன்னாடி ஒரு மூஞ்சி நிக்கி."

"மூஞ்சியா?"

"ஆமா சார். வெளிச்சத்துலயே வரைஞ்ச மூஞ்சி. மீசை, கண்ணாடி. கோயில் கோபுரம் ஒசரம் இருக்கும். நான் பின்பக்கத்துலேர்ந்து வரேன்ல, அதனால கீழ எழுதியிருந்த பேரு இடவலமா மாறித் தெரியுது, படிக்க முடியல. அதுக்குள்ள பூந்து போகலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. இடிச்சா ரெண்டும் கீழ விழும். கீழ நாலாயிரம் சனம், பாதி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. சுத்திப் போகலாம்னா குடுத்த பாதைய விட்டு விலக அந்த மெஷினு விடாது. நிப்பாட்டிட்டேன். பதினோரு நிமிஷம். அந்த மூஞ்சி அழியட்டும், அழியட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணடிச்சிச்சு சார் அது. சனம் கைதட்டுனாங்க போல."

கண்ணடித்தது. ஞானவரதனுக்கு அது ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது, அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கைப்பேசியைத் திறந்து வேர்க்காட்டி அறிக்கையைப் பார்த்தார்.  முதல் வேர்: நெல்லை, மார்ச் 9. இரண்டாம் வேர்: நெல்லை, மார்ச் 9. ஒன்று சம்பவத்துக்கு மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. இன்னொன்று ஞாயிறு இணைப்பில் வண்ணப் படத்தோடு வந்தது. இரண்டின் தலையையும் சீவி ஒரே டப்பாவில் போட்டவர் அவர்.

"விசாரணையில இதச் சொன்னீங்களா?" என்றார்.

"சொல்லாம இருப்பேனா? 'விழா ஏழரைக்கு, நீ ஏழு எட்டுக்கே மூஞ்சியப் பாத்தியோ'ன்னு சிரிக்காங்க. விழா நடத்துனவரும் வந்து, ஏழரைக்குத்தான் ஆரம்பிச்சோம்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. முன்னாடியே ஆரம்பிச்சது தெரிஞ்சா அவரு மாட்டிக்கிடுவாருல்லா. அப்ப நீ போன் நோண்டிக்கிட்டு இருந்திருக்கன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அவ்வளவு பேர் வீடியோ எடுத்திருப்பாங்களேம்மா."

"எடுத்திருப்பாங்க. என் ட்ரோன்லயும் பதிவாகியிருக்கு. இந்தக் காலத்துல வீடியோவ யாரு சார் நம்புதா? மூணு வயசுப் புள்ள கூட வீடியோ பண்ணுது. ஆளு நேர்ல வந்து வாயால சொன்னாத்தான் எடுபடும்னு வக்கீல் சொல்லிட்டாரு. கூட்டத்துல இருந்தவங்களக் கேட்டுப் பாத்தேன். ஏழு இருக்கும், ஏழரை இருக்கும்ங்காங்க. யாரு மணி பாத்தா? வியாழக்கிழம பதினோரு மணிக்கு மேல்முறையீடு. அதுவும் போச்சுன்னா உரிமம் நிரந்தரமாப் போச்சு. பேரும் போச்சு."

யார் மணி பார்த்தார்கள்? ஒரே ஒரு ஆள் பார்த்தான். விழா மேடைக்குப் பின்னால், குளிரூட்டிய அறையில், முந்திரி கொறித்துக்கொண்டு பார்த்தான். "எட்டேகாலுக்கு எனக்கு ரயில். மொதல்ல அந்த வானத்து வேலைய முடிச்சிடுங்க. சாப்பிட்டுக் கிளம்பணும்" என்று சொன்னான். அமைப்பாளர் தலையைச் சொறிந்தார். "அனுமதி ஏழரைக்குத்தான் சார் வாங்கியிருக்கோம்." அதற்கு அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? "கால் மணி அரை மணி முன்னாடி ஆரம்பிச்சா வானம் என்ன இடிஞ்சா விழுந்துடும்?" சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். ஏழு ஐந்து.

ஞானவரதன் நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்றால் என்ன என்று அவர் எத்தனையோ கதையில் எழுதியிருக்கிறார், உடம்பில் அது இப்படிப் புளித்துப் பொங்கும் என்று தெரியாது. ரயிலைப் பிடித்தது ஞாபகம் வந்தது. கீழ்ப் படுக்கை, நல்ல தூக்கம்.

இந்த இடத்தில் அந்த மனிதரின் மனம் செய்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டது. அமைப்பாளர் சொல்ல மாட்டார். கதையையே திரும்ப வாங்கிக்கொண்டுவிடலாம், அந்தப் பெண்ணுக்கு வேறு ஏதாவது உதவி செய்துவிடலாம். பேச்சியம்மாளின் சாவுக்குக் காரணம் ஒரு எழுத்தாளரின் ரயில் என்று நாளைக்குப் பேப்பரில் வந்தால், அதை நூறு பேர் வெட்டி வைப்பார்கள்.

"சரி சார், என் வாக்கியத்தச் சொல்லிருதேன்" என்றாள் இசக்கிராணி. "ஒண்ணுதான மாத்தலாம்? அந்தப் போனுக்காரன எடுக்கச் சொல்லலாம்னு மொதல்ல நெனச்சேன். வேண்டாம், அத நீங்க வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னாப் போதும். 'அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை'ன்னு இருக்குல்ல. அத, 'அவள் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்'னு மாத்திருங்க."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மேலே புதிய வரியை எழுதினார். எழுதியதும் மொத்தக் கதையும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து விழுந்ததை அவர் பார்த்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கையில் கைப்பேசி எப்படி வரும்? அவளுக்கு அது தெரிந்தே இருந்தது போலத் தோன்றியது.

"அவ்ளோதான் சார். ரொம்ப தூரத்துலேர்ந்து வந்தீங்க." எழுந்து சொம்பை எடுத்தாள். "உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகலையா?"

சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் எழுந்திருக்கவில்லை. 

"இசக்கிராணி" என்றார். "அன்னிக்கு அத சீக்கிரம் ஆரம்பிக்கச் சொன்னது நான்தாம்மா. ஏழு அஞ்சு. கடிகாரத்தப் பாத்துச் சொன்னேன். எட்டேகாலுக்கு ரயில் இருந்துச்சு. சாப்பிட்டுட்டுப் போகணும்னு சொன்னேன். அனுமதி இல்லன்னு அவர் சொன்னாரு. நான்தான் கேக்கல. அந்த மூஞ்சி என்னோடது."

சொல்லி முடித்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. சொம்பு மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"மூஞ்சி உங்களோடதுன்னு தெரியும் சார்" என்றாள். "கதைக்கு மேல போட்டோ போட்டிருந்தாங்கள்ல. பதினோரு நிமிஷம் பாத்த மூஞ்சி மறந்துருமா? அதுக்குத்தான் வரச் சொன்னேன். வாசல்ல பாத்தப்ப ஒரு செகண்ட் சந்தேகம் வந்துருச்சு. கண்ணாடிய மாத்திட்டீங்க. அன்னைக்கி வட்டக் கண்ணாடி."

"தெரிஞ்சும் ஏம்மா நீ கேக்கல?"

"நான் கேட்டா, இவ தப்பிக்கதுக்கு யாரு மேலயாவது பழி போடுதாம்பாங்க. ஆறு மாசமா அதத்தான கேக்கேன். நீங்களா சொல்லணும்னு இருந்தேன்." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஆனா ஏன் முன்னாடியே ஆரம்பிச்சாங்கன்னு தெரியாம இருந்துச்சு. சாமிக்காக இருக்கும், மழை வரும்னு இருக்கும், யாருக்காவது மேலுக்கு முடியாம இருக்கும்னு என்னென்னமோ நெனச்சிட்டேன். சோறு திங்கதுக்கா சார்?"

 அழுகை வரும் போலிருந்தது. அழுதால் அதற்கும் அவள்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

"வியாழக்கெழம பதினோரு மணி" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அங்க வந்து இத அப்பிடியே சொல்லுவீங்களா?"

"சொல்றேன். இங்கயே தங்கியிருந்து சொல்றேன். அந்த அமைப்பாளரையும் வெச்சுக்கிட்டே சொல்றேன். கதை வராது. ஜோசபின்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை சட்டைப்பைக்குள் போய், எப்போதும் வைத்திருக்கும் சின்னக் குறிப்பேட்டை எடுத்துவிட்டது. கேடுகெட்ட பழக்கம். மனதுக்குள் ஒரு முதல் வரி வந்து நின்றது: 'வானத்தில் தன் முகத்தைப் பார்த்தவன், அதன் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.' நல்ல வரி. அது நல்ல வரி என்று தனக்குத் தோன்றியதற்காக அவர் செத்துப்போகலாம் என்று நினைத்தார். குறிப்பேட்டை அவசரமாக மறைக்கப் பார்த்தார்.

இசக்கிராணி பார்த்துவிட்டாள்.

"எழுதுங்க சார், பரவாயில்ல" என்றாள். "வியாழக்கெழம வரைக்கும் மறந்துறக் கூடாதுல்ல. தேதியோட எழுதுங்க."

ஞானவரதன் பேனா மூடியைக் கழற்றினார். புதுப் பக்கத்தின் தலையில் எழுதினார்: நெல்லை, மார்ச் 9, மாலை 7.05.